கடைசிப் பாட்டை முதலில் போட்டவர்

லூர்துசாமி சார் போய்விட்டார்.

காலை ஏழு மணிக்கு அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே... நாளை மாலை சாந்தோமில் அடக்கம்.

மயிலாப்பூரில் எங்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் அவர் ஹிஸ்டரி, நான் ஃபிசிக்ஸ். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இதைப் படிக்கிற பழைய மாணவர்களுக்கு என்னைவிட அவரைத்தான் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒருமுறை லஸ் கார்னரில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, தலை நரைத்த ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "ஹிஸ்டரி சார்!" என்று லூர்துசாமி சார் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க... மேத்ஸ்தானே சார்?"

அதையாவது மறந்துவிடலாம். ரெக்கார்டு பிளேயர் விஷயம்தான் மறக்கவில்லை.

ரிட்டையர் ஆனதும் இருவரும் ஒரே மாடல் பிளேயர் வாங்கினோம். கார்ட்ரிட்ஜும் ஒன்றுதான். கார்ட்ரிட்ஜ் என்றால், பிளேயரின் கை நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் அந்தக் குட்டிப் பெட்டி. இரண்டு பொடி ஸ்க்ரூவில் நிற்கும்.

மேஜை டிராயரை நினைத்துக்கொள்ளுங்கள். நேராகத் தள்ளினால் சத்தமில்லாமல் போகும். கொஞ்சம் கோணினால் கிறீச்சிடும். ஊசியும் அப்படித்தான்... ஒரு மயிரிழை கோணினால் போதும், பாடுகிறவர் 'ஸ' சொல்லும்போதெல்லாம் எச்சில் தெறிப்பது மாதிரி கேட்கும்.

நான் முறையாகச் செய்கிறவன். கோணல் பார்க்கக் கட்டம் போட்ட அட்டை, பூதக்கண்ணாடி, எடை பார்க்கக் குட்டி டிஜிட்டல் தராசு. ஊசி இரண்டு கிராம் அழுத்த வேண்டும். பழைய எவர்சில்வர் பத்து பைசா இருக்குமே, ஏறக்குறைய அவ்வளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வைத்தேன்.

சார் வந்ததும் ஒரு பாடகியின் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். "இன்னா ஃபிசிக்ஸ், அந்தம்மா பாடுதா, பல்லு தேய்க்குதா?"

மறுவாரம் அவர் வீட்டில் அதே ரெக்கார்டைக் கேட்டேன். அந்தம்மா நன்றாகவே பாடினார்... எனக்குக் காபி இறங்கவில்லை.

அவரிடம் அட்டையும் கிடையாது, தராசும் கிடையாது. ரெக்கார்டின் கடைசிப் பாட்டைப் போடுவார். ஊசியைத் தூக்குவார், ஸ்க்ரூவைத் தளர்த்தி நகத்தால் ஒரு தட்டு தட்டுவார், மறுபடி போடுவார்.

"அதென்ன, எப்பப் பார்த்தாலும் கடைசிப் பாட்டு?" என்றேன்.

"உள்ள போகப் போக வட்டம் சின்னதாகுது சார். அங்கதான் ஊசி திணறும். கடைசி பெஞ்சுக்குக் கேட்டா முதல் பெஞ்சுக்குத் தன்னால கேக்கும். கிளாஸ்ல நீங்க அப்டித்தானே பேசுவீங்க?"

உதாரணம் சொல்லியே முப்பது வருடம் ஓட்டியவன் நான். என் பிளேயருக்கு அந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. அதற்கும் ஒரு பொறாமை.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குக் கண்ணில் காட்டராக்ட் ஆபரேஷன். அதே வாரம் புது கார்ட்ரிட்ஜ் வந்திருந்தது. சாத்துக்குடியோடு பார்க்க வந்தவர் ஹாலில் உட்கார்ந்து அதை மாட்ட ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

அரைமணி நேரத்தில் பாட்டு வந்தது... கடைசிப் பாட்டு. ஒரு 'ஸ' கூடத் தெறிக்கவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா, "ஏங்க, நம்ம வீட்டுப் பெட்டியா இது?" என்றாள்.

"ம்... பரவாயில்லை" என்றேன்.

டாக்டர் சரி என்று சொன்ன அன்றே அட்டையும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். என் அட்டைப்படி அவர் வைத்தது அரை மில்லிமீட்டர் தப்பு. அந்த அரை மில்லிமீட்டரைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம்! உடனே ஸ்க்ரூவைக் கழற்றி 'திருத்தினேன்'.

'ஸ' தெறித்தது.

பழையபடி வைக்கலாம் என்றால், எங்கே இருந்தது? குறித்துக்கொள்ளவில்லை. லேபில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும், ரீடிங் எடுக்காமல் எதையும் கழற்றாதே என்று கத்தியவன் நான். உங்களில் சிலர் அதற்காக வெளியே நின்றிருக்கிறீர்கள்.

அடுத்த தடவை வந்தவர் இரண்டு வரி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "தொட்டீங்களா சார்?"

"நான் தொடலையே. பாக்கியம்மா துடைக்கும்போது பட்டிருக்கும்." பாக்கியம்மா எங்கள் வீட்டில் வேலை செய்பவர்.

சார் குனிந்து ஸ்க்ரூவைப் பார்த்தார். "துடைக்கிற துணியில ஸ்க்ரூ டிரைவருமா கீது சார்?"

சிரித்துக்கொண்டே காபியை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "வெச்சுத் தரட்டா?" என்பார். ஒவ்வொரு முறையும். நானும் ஒவ்வொரு முறையும், "அப்புறம் பார்க்கலாம் சார்."

போன மாதம்கூட மூச்சு வாங்க எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கிளம்பும்போது கேட்டார். நான் அதையேதான் சொன்னேன்.

இன்று காலை சரோஜா அந்த ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பாட்டில் வைத்தேன். பாதியில் எடுத்துவிட்டேன்.

பாக்கியம்மா வந்ததும் சார் போனதையும், அன்று அவரிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். "இன்னா சார், என் பேர்லயா போட்ட? நான் அந்தப் பொட்டியாண்ட போனதே இல்லியே" என்றார். அப்புறம், "அந்த வாத்தியார் நல்லவராச்சே சார்..." என்று உட்கார்ந்துவிட்டார்.

லூர்து சார், தொட்டது நான்தான். நீங்கள் வைத்தது சரியாக இருந்தது.

போய் வாருங்கள், ஹிஸ்டரி.