அரிசி மில் வாய்க்கால் சேறு

என் ஆராய்ச்சிக்கு வேண்டியது நாற்றமடிக்கும் மண். மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கிற பாக்டீரியா அதில்தான் நன்றாகப் பிழைக்கிறது. நெய்த துணியில் ஏறியிருக்கும் கஞ்சியை நீக்க ஆலைகள் அந்த நொதியை வாங்குகின்றன. செஞ்சியில் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, "இவ்ளோ படிச்சது இதுக்குத்தானா?" என்று நைனா கேட்டார். நியாயமான கேள்விதான்.

வல்லம் சாலையில் ஓர் அரிசி மில் இருக்கிறது. நெல் ஊறிய தண்ணீர் அதன் பின்புற வாய்க்காலில் தேங்கிப் புளித்துக் கிடக்கும். அங்கே எடுத்த சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியா கிடைத்தது. மாவுச்சத்து கலந்த தட்டில் வளர்த்து அயோடின் ஊற்றினால் தட்டு முழுக்கக் கருநீலமாகும்; நொதி வேலை செய்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். என் பாக்டீரியாவைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வெளுத்திருந்தது. அப்புறம் தட்டு மாற்றித் தட்டு மாற்றி வளர்த்ததில், மெல்ல மெல்ல நொதி சுரப்பதையே அது நிறுத்திவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மறுபடி கிடைக்காவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். அதுவரை பார்த்த வேலையெல்லாம் வீண். எனக்குப் பயமாக இருந்தது.

மில்காரரின் மனைவிக்குப் போன் செய்து, மறுநாள் மண் எடுக்க வருவதாகச் சொன்னேன். சொல்லாமலே போயிருக்க வேண்டும்.

போனபோது வாய்க்கால் சிமெண்ட் தெரியப் பளிச்சென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. ஓரத்தில் கோலம் வேறு.

"காலேஜ்லேர்ந்து வர பொண்ண அந்த நாத்தத்துல எப்டி நிக்க வெக்கறது? அதான் ஆள உட்டு கழுவிட்டேன்," என்றார் அந்த அக்கா. எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல் அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.

"வாரின சேத்த இன்னா பண்ணீங்கக்கா?"

"வாழ அடியில கொட்டச் சொன்னேன். அது இன்னாத்துக்கு உனக்கு? முன்னாடி நல்ல செம்மண்ணு இருக்குது, எடுத்துக்க."

மரியாதைக்குச் செம்மண்ணில் ஒரு பை எடுத்தேன். அவர் உள்ளே போனதும் வாழையடியில் இன்னொரு பை. செம்மண் தட்டு கருநீலமாகவே நின்றது. வாழையடித் தட்டில் பழைய அகலத்துக்கே வெளுப்பு. இந்த முறை முதல் வேலையாக அதில் கொஞ்சத்தை உறையவைத்துப் பத்திரப்படுத்தினேன்.

நன்றி சொல்லப் போன் செய்தேன். "நான் தேடின கிருமி உங்க வாழ அடியிலதான்க்கா இருந்துச்சு. என் படிப்பு பொழச்சுது."



"அங்கயும் போய்டுச்சா அது? தப்பா நெனச்சுக்காதம்மா. நாளைக்கே அங்கயும் பவுடர் போட்டுடறேன்."