சம்பளம் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை

பெரிய மகளுக்கு அமெரிக்காவின் இரண்டு சின்ன ஊர்களிலிருந்து வரன் வந்தது. சம்பளங்களை ரூபாயாக்கிப் பார்த்து, பெரியதைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஊர்ல வாடகை எவ்ளோன்னு கேளுங்க" என்றாள் மனைவி.

"ஏன், நீ அங்க குடித்தனம் போறியா?" என்றேன் நான், பெரிய அறிவாளி.

போன மாதம் வீடியோ காலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள்.

"நம்ம மாரண்டஹள்ளிப் பொண்ணுக்கு அமெரிக்கா போய்த்தான் வெக்கம் வந்துச்சா?" என்று கிண்டலடித்தேன்.

கையை எடுத்தாள். முன்பல் இரண்டைக் காணோம்.

"சொத்தைப்பா. இங்க பல் வைத்தியம் பாக்கக் கட்டுப்படியாகல, புடுங்கிட்டாங்க. வாடகை குடுத்தா மிச்சமே இல்ல. நீங்க வேணாம்னீங்களே, அந்த ஊர்ல வாடகை பாதிதானாம்."

இப்போது சின்னவளுக்கு வரன் வந்தால், முதலில் அந்த ஊர் வாடகையையும் பல் டாக்டர் செலவையும்தான் விசாரிக்கிறேன். இரண்டு இடம் கோபித்துக்கொண்டு போய்விட்டது. போகட்டும், சின்னவளுக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.