ஐந்தாம் மாடியில் பவளம்

அந்தக் கோடையில் நஸ்ரி வாயில் அதிகம் வந்த சொல் ‘இல்லை’. பெய்ரூத் நகரின் ஃபுர்ன் அல் ஷுப்பாக்கில் ஒரு மருந்துக்கடையில் அவருக்கு வேலை. ரத்த அழுத்த மாத்திரை இல்லை, குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை, காய்ச்சல் மருந்துகூட இல்லை. சிலர் திட்டினார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். அவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஐந்து மாடி ஏறி, செருப்பைக் கழற்றும் முன்பே தொட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும்.

கூடத்துச் சுவர் நீளத்துக்கு இருந்தது அந்தக் கடல்நீர்த் தொட்டி. உள்ளே பாறைகளின் மேல் உயிர்ப் பவளங்கள். ஊதா விளிம்புள்ள தட்டுகள், விரல்விரலாய்க் கிளைத்த இளஞ்சிவப்பு, நீரோட்டத்தில் ஆடும் பச்சைக் குஞ்சங்கள். எட்டு வருடமாக அவர் பண்டிகைக்குக்கூட வெளியூரில் தங்கியதில்லை. ஆவியாகும் தண்ணீரை அன்றாடம் ஈடுகட்ட வேண்டும். உப்பு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சுண்ணாம்புச் சத்தை அளந்து ஊற்ற வேண்டும், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடு ஏறவே கூடாது.

சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டது குளிர்விக்கும் எந்திரம். அதற்கு மின்சாரம் வேண்டும். அரசாங்க மின்சாரத்தை எல்லோரும் மறந்து வெகு நாளாகிவிட்டது. தெருவுக்கு ஜெனரேட்டர் ஓட்டும் அபூ தோனி ஒருநாள் படியேறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நஸ்ரி, டீசல் கெடைக்கல. இனிமே வீட்டுக்குக் கொஞ்சூண்டுதான் தர முடியும். ஃப்ரிட்ஜ் ஓடும், இல்ல உன் மீன் ஓடும். ரெண்டும் ஓடாது.”

“மீன் இல்ல அபூ தோனி, பவளம்.”

“எதுவா இருந்தா என்னப்பா. என் மாமியார் வீட்டுக்கே நான் கட் பண்ணிட்டேன். அதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.”

அவர் போனதும் நஸ்ரி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். லமியா எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். புளித்துப்போன தயிர்க்கட்டியைக் குப்பையில் கொட்டிவிட்டு ஒயரைப் பிடுங்கினாள்.

“என்ன பண்ற?”

“உள்ள என்ன இருக்கு இதுல? ரெண்டு தக்காளி. அதுங்களுக்குக் குளுரலன்னா அழப்போறதில்ல. உன் கல்லுக்குப் போட்டுக்கோ.”

“அது கல்லு...”

“கல்லு இல்ல. தெரியும். எட்டு வருஷமா இதத்தான கேட்டுட்டு இருக்கேன், என் உசுரே.”

அதற்குப் பிறகு அவர்கள் ரொட்டியும் ஆலிவும் டப்பா மீனும் சாப்பிட்டுக் காலம் தள்ளினார்கள். ஆகஸ்ட் பிறந்ததும் ஜெனரேட்டர் அடியோடு நின்றது. நஸ்ரி காரின் பேட்டரியைக் கழற்றிச் சுமந்துவந்து, தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரை அதில் ஓட்டினார். குளிர்விக்கும் எந்திரத்துக்கு அது காணாது. லமியா ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு நீர்மட்டத்துக்கு மேலே விசிறினாள். கை ஓய்ந்தால் அவர் விசிறினார். இப்படியே இருவரும் மாறி மாறி விசிறினார்கள்.

இளஞ்சிவப்புப் பவளம்தான் முதலில் வெளுத்தது. நுனியில் தொடங்கி அடிவரை இறங்கியது வெண்மை. சூடு தாங்காத பவளம் தன்னுள் குடியிருந்து தனக்கு உணவு தரும் பாசியைத் துப்பிவிடும். அப்புறம் கொஞ்ச நாள் உயிரோடு பட்டினி கிடக்கும். நஸ்ரிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்ய ஒன்றுமில்லை. மறுநாள் கடையில் ஒரு வாடிக்கையாளர் கேட்ட மருந்து இருந்தும், பழக்கத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் லமியா சொன்னாள். “ஷவ்கிக்குப் போன் பண்ணேன்.”

நஸ்ரி விசிறுவதை நிறுத்தினார். பத்ரூன் மலைச்சரிவில் தக்காளி விளைவிக்கும் ஷவ்கிதான் அவருக்கு முதல் பவளத் துண்டைக் கொடுத்தவர். பிறகு கொடுத்த ஒரு கல்லில் பழுப்பாய்ப் பூப்போல விரியும் ஒரு களை ஒளிந்திருந்தது. அது பக்கத்துப் பவளங்களை விஷ இழைகளால் கொட்டியே கொன்றது. தெரிந்தேதான் கொடுத்தான் என்று நஸ்ரி நாலு பேர் முன்னால் கத்தினார். அதோடு பேச்சு அற்றுப்போனது.

“யாரக் கேட்டுப் பண்ண?”

“யாரையும் கேக்கல. அவரு மொட்டை மாடியில சூரியத் தகடு போட்டிருக்காரு, தொட்டி ஜில்லுனு இருக்காம். இதையெல்லாம் தூக்கிட்டுப் போய் அங்க வச்சுக்கறேன்னாரு. உனக்கு ரோஷம் பெருசுன்னா சொல்லு, நான் கை வலிக்க விசிறாம போய்ப் படுத்துக்கறேன்.”

வெள்ளிக்கிழமை காலை, தக்காளி இறக்கிய வண்டியோடு ஷவ்கி வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஐந்து மாடி ஏறிய களைப்பில் வணக்கம்கூடச் சொல்லாமல் தொட்டியின் முன் குந்தினார்.

“இந்தத் தட்டு தேறும். பச்சை தேறும். சிவப்பு போயிருச்சுடா.”

“தெரியும்.”

“உளி இருக்கா?”

இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை தண்ணீரில் கையை விட்டுப் பாறையிலிருந்து பவளங்களைப் பெயர்த்தார்கள். ஒன்றைப் பெயர்க்கும்போது ஷவ்கி தலை நிமிராமலே சொன்னார்: “அந்தக் களை என் தொட்டியிலயும் இருந்துச்சு. என்னோடதுல பாதி செத்துச்சு. நீ கத்தினப்ப நான் அதச் சொல்லல. சொன்னா நம்பியிருப்பியா?”

நஸ்ரி யோசித்துப் பார்த்தார். “நம்பியிருக்க மாட்டேன்.”

“அதான்.”

வாளிகளை ஈரத்துணியால் மூடிக் கீழே சுமந்தார்கள். வண்டி திரும்பி மறைந்ததும் நஸ்ரி மேலே வந்து மோட்டாரை நிறுத்தினார். எட்டு வருடமாக ஓடிய அந்த முனகல் நின்றது. சோபாவில் சாய்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். லமியா எழுப்பவில்லை.

அடுத்த வசந்தத்தில் அபூ தோனிக்கு டீசல் ஒழுங்காக வரத் தொடங்கியது. ஷவ்கி போன் செய்தார். “வந்து எடுத்துட்டுப் போ. எடம் பத்தல.”

நஸ்ரியும் லமியாவும் பத்ரூனுக்குப் போனார்கள். ஊதாத் தட்டு உள்ளங்கை அளவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தது. பச்சைக் குஞ்சம் இரண்டாய்ப் பிரிந்திருந்தது. நஸ்ரி வெகுநேரம் பார்த்தார். வாளியை லமியா கையில் வைத்திருந்தாள்.

“இங்கயே இருக்கட்டும்,” என்றார்.

லமியா நம்பாமல் அவரைப் பார்த்தாள். “நெசமாவா?”

“எனக்கு முடியல லமியா. ஆசை இல்லாம இல்ல. ஆனா அந்தத் தெர்மாமீட்டரப் பாத்துப் பாத்து... இன்னொரு கோடைய என்னால பாக்க முடியாது.”

அதைச் சொன்னபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரியும் இருந்தது. ஷவ்கி வாக்குவாதம் செய்யவில்லை. தொட்டியோரத்தில் கிடந்த சுரண்டியை எடுத்து நீட்டினார்.

“அப்ப சும்மா நிக்காத. அந்த மூலையில பாசி புடிச்சிருக்கு, என் கை எட்டாது. உன் கைதான் நீளம்.”

நஸ்ரி சட்டைக் கையை மடித்துவிட்டார். உள்ளே தண்ணீர் குளிர்ந்திருந்தது. லமியா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று ஷவ்கியைக் கேட்டாள்.