பிடிச்சா நில்லுங்க

கூடைக்குள் இருந்த தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. வியாழக்கிழமை மாலை, நாங்கள் வேலை செய்கிற கந்தோருக்குப் பின்னால் உள்ள வெளியில் மேய்ந்த கழுதைகளை விரட்டிவிட்டு அப்போதுதான் வலைப்பந்து பழகத் தொடங்கியிருந்தோம். பழகும்போது எல்லாருடைய போனும் கூடைக்குள் போய்விட வேண்டும் என்பது றிஸ்வானா மிஸ் போட்ட சட்டம். ஒரு போன் அடித்தால் அது ஒரு வீட்டு விஷயம். எல்லாம் சேர்ந்து அடித்தால்? மிஸ் கொழும்பு ஆஸ்பத்திரியில் இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பந்து என் கையில் இருந்தது. ஒருவரும் கூடையை நோக்கி ஓடவில்லை. கடைசியில் எங்களோடு பழகுகிற சுதாதான் போய் எடுத்துப் பார்த்தாள். மிஸ் காலமாகிவிட்டார் என்று இருந்தது.

கந்தோரில் இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவர் காணிப் பிரிவில் இருந்த, குரல் உயர்த்தாத உத்தியோகத்தர். சிலாவத்துறையில் இருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து போனவர். இரண்டு பிள்ளைகளின் உம்மா. எங்களுக்கு, அதாவது வேலைக்கும் போய்ப் பிள்ளையும் வளர்க்கிற கொஞ்சத் தாய்மாருக்கு, அவர் கோச்.

வேலைக்குப் போகிற பெற்றோருக்கு மன அமைதி பழக்கவென்று ஒருமுறை கொழும்பில் இருந்து ஒரு வளவாளர் வந்தார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, கண்ணை மூடி, மூச்சைக் கவனியுங்கள் என்றார். நல்ல மனிதர், நல்ல குரல். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் குறட்டை கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் பாதிப் பேர் நித்திரை. பாவம், அவர் என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் றிஸ்வானா மிஸ் சொன்னார்: "அந்தாள் சொன்னது சரிதான். ஆனா நித்திரை இல்லாத பொம்பிளையக் கண்ண மூடச் சொன்னா அவ நித்திரைதான் கொள்ளுவா. நாங்க நிண்டு பழகவேணும்." அடுத்த கிழமையே எங்கிருந்தோ ஒரு பந்தோடு வந்துவிட்டார்.

இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்த காலத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர் அவர். அந்த விளையாட்டின் ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பப் பழக்கினார். வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, யாருக்கு என்று பார்த்து, கொடுத்துவிட வேண்டும். "பிடிச்சா நில்லுங்க. நிண்டு, பிறகு குடுங்க. இது ஒண்டும் புதுசில்ல. மாதா கோயில்ல மத்தியான மணி அடிச்சா உங்கட ஆக்கள் வேலைய விட்டிட்டு நிக்கிறேல்லையா? பள்ளியில பாங்கு சொன்னா நாங்களும் நிக்கிறம். நிக்கத் தெரிஞ்ச சனம்தான் நாங்க. மறந்து போனம்."

நான் அந்த நேரம் வேலையை விடுகிற யோசனையில் இருந்தேன். தாழ்வுபாட்டில் வீடு. என் கணவர் அன்ரன் விடியப்புறம் கடலுக்குப் போய் வெயில் ஏறத்தான் கரைக்கு வருவார். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறவள். சின்னவளுக்கு அடிக்கடி காய்ச்சல். கந்தோரில் இருந்தால் வீட்டு யோசனை, வீட்டில் சின்னவளுக்குச் சோறு தீத்தும்போது கந்தோர் யோசனை. இரண்டு இடத்திலும் நான் இல்லை. பதவி உயர்வு வரப்போகிறது என்று கதை அடிபட்டபோது சந்தோஷம் வரவில்லை. கண் முழித்துப் படித்து, சோதனை எழுதி எடுத்த வேலை. அதை விட்டுவிட்டால் நான் ஆர் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் பழகும்போது மிஸ் விசில் அடித்து என்னை மட்டும் நிறுத்தினார்.

"கிறிஸ்டி, உங்களுக்குப் பந்து பிடிக்க நல்லாத் தெரியும். குடுக்கத்தான் மனம் வருகுதில்ல. ஆரும் விழுத்திப் போடுவாங்க எண்டு பயம். வீட்டிலயும் இப்பிடித்தானோ?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது மிஸ்."

"கடல்ல வலை இழுக்கிற மனிசனுக்குப் பிள்ளைய முழுக வாக்கத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் ஏசினேன். ஆனாலும் அடுத்த நாளில் இருந்து மத்தியானங்களை அன்ரனிடம் கொடுத்தேன். அந்தக் கிழமை சோறு அடிப்பிடித்தது. சின்னவளின் சட்டை முன்பக்கம் பின்னுக்குப் போனது. மிஸ்ஸிடம் முறையிட்டேன். "எரிஞ்ச சோறு திண்டு ஆரும் மவுத்தாகினதா நான் கேள்விப்படல்ல" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவர் வீட்டிலும் அதுதான் நடப்பு. கணவர் ஹனீபா நானா ஆக்கின புளியாணத்தைப் பெருமையோடு கொண்டுவந்து எங்களுக்குப் பங்கு தருவார். உப்பு எப்போதும் தூக்கலாகத்தான் இருக்கும்.

திணைக்களங்களுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்ததே பெரிய புதினம். "அம்மாமார் ரீம்" என்று பகிடி பண்ணினவர்கள் எல்லாம் பார்க்க வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் முழுக்க இளம் பெட்டைகள், மான்குட்டி மாதிரி ஓடினார்கள். இடைவேளையில் பார்க்கிறேன், கோட்டோரம் அன்ரன், தோளில் சின்னவள், அவளுக்குக் காய்ச்சல் முகம். நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன். அன்ரன் சட்டைப் பையில் இருந்த மருந்துப் போத்தலைத் தட்டிக் காட்டினார்.

"டொக்டரிட்டக் காட்டி மருந்தும் குடுத்திட்டன். நீ விளையாடாமப் போனா இவள் என்னைத்தான் ஏசுவாள். போ."

கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமம். பந்து எனக்கு வந்தது. பழைய கிறிஸ்டி என்றால் அங்கிருந்தே தானே வளையத்துக்கு எறிந்திருப்பாள். நான் நின்றேன். சப்பாத்துக்குக் கீழே மண் தெரிந்தது, மூச்சு ஒன்று போய் வந்தது. வளையத்தடியில் சுதா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கொடுத்தேன். போட்டாள். குரல் உயர்த்தாத எங்கள் மிஸ் மைதானத்துக்குள் ஓடிவந்து கலியாண வீட்டில் போலக் குரவையிட்டார். பதவி உயர்வு வந்தது, எடுத்தேன். இன்றைக்கும் அந்தக் கதிரையில்தான் இருக்கிறேன்.

செய்தி வந்த மறுநாள் எல்லாரும் ஒரே வாடகை வானில் சிலாவத்துறைக்குப் போனோம். ஜனாஸாவை அடக்கிவிட்டிருந்தார்கள். ஹனீபா நானா வாசலுக்கு வந்தார்.

"அவ ஒண்டுதான் சொல்லச் சொன்னவ. வியாழக்கிழமைய விடவேணாமாம். கிறிஸ்டி எடுத்து நடத்தட்டுமாம்."

வீடு, கந்தோர், பிள்ளைகள், இதற்குள் இதுவுமா என்று நினைத்தேன். ஆனாலும் ஓம் என்று வாயில் வந்துவிடப் பார்த்தது. நின்றேன். அழுகை வந்தது, வரட்டும் என்று அதற்கும் நின்றேன். பிறகு சுதாவின் பக்கம் திரும்பினேன்.

"சுதா, கந்தோர் நலன்புரிச் சங்கத்தில நான் பாக்கிற செயலாளர் வேலையை நீர் எடுப்பீரா?"

"தாங்கோ," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்ப நான் எடுக்கிறன் நானா," என்றேன். அந்த அழுத முகத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. "இப்பிடித்தான் செய்வீங்க எண்டும் சொன்னவ," என்றார்.

நேற்று வியாழன். புதிதாக வந்த ஒருத்தி, கைக்குழந்தையை மனிசனிடம் விட்டுவிட்டு வந்தவள், பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கண் முழுக்கப் போன் கூடையில். விசில் அடித்தேன். "பிடிச்சா நில்லுங்க" என்று அவருடைய பேச்சிலேயே வாயில் வந்தது. றிஸ்வானா மிஸ்ஸிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நிற்பும், அதன் பிறகு கொடுக்கிற தைரியமும்தான். அதை வைத்துத்தான் நான் வேலையையும் வைத்திருக்கிறேன், வீட்டையும் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனேன். அன்ரன் சோற்றை அடிப்பிடிக்க விட்டிருந்தார். நாலு பேரும் சுற்றியிருந்து சாப்பிட்டோம்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்கு," என்றேன். உண்மையாகவே நன்றாக இருந்தது.