பின்விளக்கு இல்லாத நீல சுபாரு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததைத்தான் சொல்கிறேன். கதை கட்டிச் சொல்வது டர்போவுக்குத்தான் கைவந்த கலை.

டர்போ என் பத்து வருட நண்பன். எங்கள் ஜப்பான் கார் குழுவைத் தொடங்கியவனும் அவன்தான். என் நீல சுபாரு காரை அவனிடம்தான் வாங்கினேன். "ஒரு கீறல்கூட விழாத வண்டி மச்சான்," என்று தோளில் கை போட்டுச் சொன்னான். என் மகளுக்கென்று காரில் பொருத்தும் ஒரு குட்டி இருக்கையும் சும்மாவே கொடுத்தான். என்ன மனசு என்று உருகிப்போனேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே நம்மவர் வண்டி வந்தால் ஹெட்லைட்டை இரண்டு முறை அடிப்போம். அவரும் இரண்டு முறை அடிப்பார். வீட்டுக்குப் போனதும், இன்று யாரைப் பார்த்தோம் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனாலும் அந்தச் சந்தோஷமே தனி.

அன்று மழை விட்டிருந்தது. மாலை ஏழு மணி. நீச்சல் வகுப்பிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் வந்தேன். ஐந்து வயது அவளுக்கு. பின்னால் குட்டி இருக்கையில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே ஒரு நீல சுபாரு. தங்க நிறச் சக்கரங்கள். அப்படியே என் வண்டி மாதிரி.

இரண்டு முறை அடித்தேன். அதுவும் அடித்தது. இரண்டு... மூன்று... நான்கு... நிறுத்தவே இல்லை.

கடந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் சிவப்பு விளக்கே தெரியவில்லை. பல்பு போயிருக்கும், பாவம் என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் குழுவில் எழுதிப் போட்டேன். ஐந்தே நிமிடத்தில் டர்போ என் பதிவை அழித்துவிட்டான்.

அடுத்த வாரம். அதே பாலம், பின்னால் மகள். நெரிசலில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மறுபடியும் அந்த நீல வண்டி. நான் விளக்கு அடிக்கவில்லை. அது அடித்தது.

பக்கத்தில் வந்தது.

ஓட்டியவர் என்னைப் பார்க்கவில்லை. என் பின்சீட்டைப் பார்த்தார்.

அதன் முன்கதவு என்னைக் கடந்தது.

அதற்குப் பிறகு...

ஒன்றுமே இல்லை.

வண்டி அங்கேயே முடிந்திருந்தது. முன்பாதி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா... அந்த அங்கிள் ஏன் என்னை வா வான்னு கூப்பிடறாரு?"

கிளிக்.

அவள் பெல்ட் கழன்ற சத்தம்.

அவளுடைய இரண்டு கைகளும் பொம்மையைப் பிடித்திருந்தன.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. மறுநாள் காலையில் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். முன்சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பைத் தூக்கினார். குறுக்காக ஒரு வெல்டிங் தழும்பு.

"இது ஒரு வண்டி இல்ல சார், ரெண்டு. வெட்டி ஒட்டியிருக்காங்க. பின்பாதி வேற வண்டியோடது."

நேராக டர்போ வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பாத்துட்டியா?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"நாலு தடவை பாத்தேன் மச்சான். அதான் வித்துட்டேன்."

"எனக்காடா?"

"நீதான்... கேள்வி கேக்காம வாங்குவே."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பேயைவிட அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடுவதில்லை.

மீதியையும் அவனே சொன்னான். அந்தப் பின்பாதி, அதே பாலத்தில் லாரி மோதி இரண்டாகப் போன ஒரு வண்டியுடையதாம். ஓட்டியவர் முன்பாதியோடு ஆற்றில் விழுந்துவிட்டார். பின்பாதி பாலத்திலேயே நின்றுவிட்டது. அதில் அவருடைய ஐந்து வயது மகள். அவளும் பிழைக்கவில்லை.

எழுந்து வாசல் வரை வந்தேன். அப்போதுதான் உறைத்தது. டர்போவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"அந்தக் குட்டி சீட்டு ஏதுடா உனக்கு?"

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அது... பின்பாதியோடயே வந்தது மச்சான்."