பின் நம்பரும் சனிக்கிழமைக் கூலியும்

மொபைல் கடைக்காரனுக்கு ரீசார்ஜ் செய்யத் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் மைசூரு விஜயநகரில் கடை போட்டேன். திருடர்களோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டிவரும் என்று யாரும் சொல்லவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சக பாவிகளே, உங்கள் கதையும் இதுதானே?

ஓசி மொழிபெயர்ப்பு

முருகேசன் மேஸ்திரி மார்டள்ளிக்காரர், நம்ம தமிழாள். பக்கத்து வீதியில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் போனை நீட்டியபடியே வந்து, "யாரோ இந்தியில பேசறாரு தம்பி, என்னன்னு கேட்டுச் சொல்லு" என்றார். கைதவறி மேஸ்திரிக்குப் பணம் அனுப்பிவிட்டதாகவும், அதைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றும் போனில் ஒருவன் அழுதான். பணம் வந்ததாக எஸ்எம்எஸ்கூட இருந்தது. நானும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

"பின் நம்பர் போட்டா உங்களுக்கும் சன்மானம் வருமாம்" என்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, திருடனுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேன் என்று. கணக்கில் இருந்ததோ ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய வாரக் கூலி. பதறிப்போய் போனைப் பிடுங்கினேன். பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்க வேண்டாம். எஸ்எம்எஸ்ஸை நம்பக்கூடாது என்று இரண்டையும் அவர் மண்டையில் ஏற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அத அவருக்கும் இந்தியில சொல்லிரு தம்பி. பாவம், தெரியாம இருக்காரு."

எச்சரிக்கை போர்டு

அன்றைக்கே ஒரு போர்டு எழுதி மாட்டினேன். 'கண்டதையெல்லாம் ஸ்கேன் செய்யாதீர்கள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, மாதிரிக்குக் கடையின் கியூஆரையே ஒட்டி, குறுக்கே மெல்லியதாகச் சிவப்புக் கோடும் போட்டேன். சற்று நேரத்தில் கடையிலிருந்த ஸ்பீக்கர் பத்து ரூபாய் வந்ததாகக் கன்னடத்தில் கூவியது. போர்டின் முன்னால் ஒரு ரிட்டயர்ட் சார், கையில் போனோடு. ஏன் சார் என்றேன். "எழுதி ஒட்டியிருக்கேள், நெஜமான்னு பாக்க வேண்டாமா?"

பாடம் பலித்தது

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஓனர் மீதிக் கூலியையும் அனுப்பிவிட்டார். மேஸ்திரிக்கு எஸ்எம்எஸ் வந்தது. அவர் நம்பவில்லை. பணம் போனதை ஓனர் தன் போனில் காட்டினார். "படம் யாரு வேணா காட்டலாம்" என்று சொல்லிவிட்டு, ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார். பேலன்ஸ் பாருங்கள் என்றேன். ஆப் பின் நம்பர் கேட்டது. போனைத் தூக்கித் தூர வைத்தார். "பணம் வாங்கப் பின் வேண்டாம்னு நீதான சொன்ன?" ஏடிஎம்முக்குப் போகலாம் என்றேன். அதுவும் பின் கேட்கும் என்று அவரே சொன்னார்.

அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் சிமெண்ட் படிந்த காலோடு வாசலில் நின்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பாடம் எடுத்தவன் நானல்லவா? சித்தாள் பாப்பாத்தி அக்காதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் போனில் கியூஆரைத் திறந்து நீட்டியது. "அனுப்பறதுக்குப் பின் போடலாமில்லீங்க மேஸ்திரி? எங்க கூலிய அனுப்புங்க. எங்களுக்கு வந்துருச்சுன்னா, உங்களுக்கும் வந்துருச்சுன்னு அர்த்தம்."

மேஸ்திரி ஒவ்வொருவருக்காகப் பின் போட்டார்; எல்லோருக்கும் கூலி போய்ச் சேர்ந்தது. ஏமாறாமல் இருக்க ஊருக்கே வகுப்பெடுத்தாயிற்று, இனி நம்புவதற்கும் நானே வகுப்பெடுக்க வேண்டும் போலிருக்கிறது.