ரோகினி வைத்த எலிக்கூண்டுகள்

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ரோகினிக்கு ஜென்ம விரோதி என்று ஒருவர் உண்டென்றால் அது டிரெசர் ஹேமநாதன்தான். தோட்டத்து மருந்தகத்தில் இருபது வருடமாக ஊசி, மாத்திரை, லீவுச் சீட்டு எல்லாம் அவர் கையில். ரோகினியின் மருத்துவ அட்டையில் அவர் மலாய் மொழியில் எழுதியது 'புரா-புரா'. அதாவது, நடிப்பு.

அந்த எழுத்தால் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை போயிற்று. அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். சம்பள நாளன்று கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் வாசலில், நாற்பது பேர் முன்னால், "வாங்க நடிகையம்மா" என்று அவர் கூப்பிட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அட்டையிலுள்ள சொல்லை அவர் கையாலேயே கோடு போட்டு அடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள்.

வினை தொடையில் ஆரம்பித்தது. காட்டோரத்து நிரையில் பழம் பொறுக்கியபோது ஓர் உண்ணி கடித்தது. சுண்ணாம்பு தடவிப் பிடுங்கி எறிந்தாள். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் கிளம்பி அகன்றது. லயத்து வீடுகளில் எல்லோரும் அக்கி என்றார்கள். குயவர் வம்சத்துச் சன்னாசி காவியைக் குழைத்து மூன்று நாள் அக்கி எழுதினார். எழுதினால் தானாக உதிரும்வரை கழுவக்கூடாது. அந்தக் கோலத்தில் மருந்தகத்துக்குப் போய், கழுவமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"மண்ணப் பூசிக்கிட்டு வந்தா நான் என்னத்தப் பாக்குறது?" என்று ஹேமநாதன் விரட்டிவிட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் மீது குற்றமில்லை. காவி உதிர்ந்தபோது வளையமும் மறைந்திருந்தது.

பிறகு முழங்கால் வீங்கியது. வீங்கும், வடியும், டிரெசர் பார்க்கிற நாளில் வடிந்தே இருக்கும். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உண்ணிக் கதையைக் கேட்டு, லைம் காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார். இல்லை என்று முடிவு வந்தது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஹேமநாதன் அட்டையில் அந்தச் சொல்லை எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து நூருல் வந்தாள். பகாவில் உணவுக்கடை வைத்திருக்கும் மஸ்தானின் மகள், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரி. எலிகளையும் அவற்றின் மேலுள்ள உண்ணிகளையும் பிடிக்க ஆள் தேடினாள். ரோகினி வீட்டுக்கு வந்து தன் வேலையை விளக்கினாள்.

"உண்ணி பரப்புற இந்த லைம் கிருமி உலகம் பூரா ஒண்ணு இல்லக்கா. அமெரிக்காவுல ஒரு வகை, ஐரோப்பாவுல வேற, சீனா ஜப்பான் பக்கம் வேற. மரபணுவே மாறும். நம்ம காட்டுல எது ஓடுதுன்னு பாக்கணும்."

"எனக்கு எடுத்த ரத்தம் எந்த வகைக்கு?"

ஆஸ்பத்திரித் தாளை நூருல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அமெரிக்க வகைய வச்சுச் செஞ்ச டெஸ்ட்கா இது. நம்ம ஊரு வகையப் பிடிக்குமான்னு யாரும் சரியாப் பாக்கல."

ரோகினிக்குக் காதெல்லாம் சூடேறியது. மறுநாளே கூண்டு தூக்கினாள். கருவாட்டைச் சுட்டு வைத்து, ஹேமநாதன் முகத்தை நினைத்துக்கொண்டே கதவைக் கொக்கியில் மாட்டுவாள். கால் இழுத்தாலும் ஒரு நாள் தவறவில்லை. இத்தனை எலி விழுந்த தோட்டம் வேறில்லை என்று நூருல் ஆச்சரியப்பட்டாள். காரணம் பாவம் அவளுக்குத் தெரியாது.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. காட்டோரத்து உண்ணிகளில் கிருமி இருந்தது. சீனா, ஜப்பான் பக்கத்து வகைக்கு நெருங்கிய உறவு.

"அப்ப எனக்கு வந்தது இதுதானே?"

"அத இப்ப சொல்ல முடியாதுக்கா. இருக்கலாம். அவ்வளவுதான்."

நூருல் மீதும் ஆத்திரம் வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், டிரெசரிடம் கேட்க வேண்டியது என்னவென்று பிடிபட்டது.

திங்கட்கிழமை காலை, மருந்தகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றபோது, ரோகினி அட்டையையும் நூருல் கொடுத்த தாளையும் மேசையில் வைத்தாள். வழக்கமாக வாயில் வரும் 'ஐயா' அன்றைக்கு வரவில்லை.

"டிரெசர், இதப் படிங்க."

படித்தார். "உண்ணிக்கு இருந்தா உனக்கும் இருந்துச்சுன்னு ஆயிடுமா?"

"ஆகாது. எனக்கு அந்த நோவுன்னு எழுதச் சொல்லல. அமெரிக்காக் கிருமியத் தேடிட்டு, நம்ம காட்டுக் கிருமிய இல்லன்னு எப்படிச் சொன்னீங்க? நான் நடிச்சேன்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

ஹேமநாதன் வரிசையைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அதே நாற்பது பேரில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள்.

"என்ன எழுதணும்ங்கிற?"

"தெரியலன்னு."

பேனாவை உருட்டினார். முகம் கறுத்துவிட்டது. பழைய சொல்லை அடித்துவிட்டு மலாயில் எழுதினார்.

"தமிழ்லயும்லா. எழுதிட்டு வாய்விட்டுப் படிங்க."

எழுதினார். "எனக்குத் தெரியவில்லை" என்று முணுமுணுத்தார்.

"இங்க கேக்கல" என்றாள் வரிசையின் கடைசியில் நின்ற வள்ளியம்மா.

சத்தமாகப் படித்தார். ரோகினி இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் படித்து முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.